கட்டிங்குக்கு ஒரு ஆள்

உட்காருங்க. அந்த ஸ்டாப்பில் நின்றால் தலைக்கு மேலே ஒரு தகரம்கூட இல்லை. இந்தக் கடைப்படி, திறக்கிற வரைக்கும் யாருக்கும் பாத்தியப்பட்டதில்லை. நிழல் இருக்கிறது, சாய்ந்துகொள்ளச் சுவர் இருக்கிறது. பஸ் மில் முக்குத் திரும்பும்போதே ஆரன் அடிப்பான். இங்கிருந்து எழுந்து போனாலே பிடித்துவிடலாம்.

சோமனூருக்கா? அப்படியென்றால் பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் வருகிற வண்டிதான். அதை விட்டால் அப்புறம் ரெண்டு மணிக்கு மேலேதான்.

ஓ, பாப்பாவுக்குப் பரீட்சையா. மத்தியானமே விட்டுவிடுவார்களா. நீங்கள்தான் போய்க் கூட்டிவர வேண்டுமா. சரி சரி, போய்விடலாம். இன்னும் நேரம் கிடக்கிறது.

காக்கிச் சட்டையைப் பார்த்தே நினைத்தேன். குடோன் காவலா? ராத்திரி முழித்தவன் கண் இன்னொரு ராத்திரி முழித்தவனுக்குத் தெரிந்துவிடும். நான் மில். பின்னால் தெரிகிறதே புகைபோக்கி, அதேதான். முழு நைட்டு. பல வருஷமாக முழு நைட்டுதானுங்க. பகல் ஷிப்டு தருகிறேன் என்று மேஸ்திரி சொன்னார், நான்தான் வேண்டாமென்றேன். பகலில் வேலை செய்தால் ராத்திரி வீட்டில் படுக்க வேண்டும், இல்லையா? அது ஒத்துவராது. வீட்டில் பாப்பாத்தியும் இப்போது இல்லை. என் சம்சாரம். அவள் தம்பி வீட்டில் இருக்கிறாள். அவள் வேலைக்குப் போகிற பனியன் கம்பெனிக்கு அங்கிருந்து பக்கம், அதனால்.

ஒன்று கேட்கட்டுமா? கோபித்துக்கொள்ளக் கூடாது. கட்டிங் போடலாமுங்களா?

இல்லையா. விட்டுவிட்டீர்களா? எத்தனை நாளாக? அப்படியா. நல்லது, ரொம்ப நல்லது. கேட்டதைத் தப்பாக எடுத்துக்காதீங்க. கட்டிங்குக்குக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை, அதுதான் அதில் ஒரு மரியாதை. கடையில் பாதிக் குவார்ட்டர் தரமாட்டான், முழுக் குவார்ட்டர்தான் தருவான். பாதி போதும் என்கிறவன் இன்னொரு பாதிக்கு ஆள் தேடித்தானே ஆக வேண்டும்? முன்பின் தெரியாதவனாக இருந்தாலும் பக்கத்தில் போய்க் கேட்கலாம். ஜாதி கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. கல்யாணத்துக்குக் கேட்கிறதை எல்லாம் கட்டிங்குக்குக் கேட்பதில்லை.

நான் குடிகாரன் இல்லைங்க. முழுக் குவார்ட்டரையும் ஒருத்தனாக இறக்குகிறவன்தான் குடிகாரன். நான் கட்டிங்காரன். பாதி. அதுவும் தூக்கத்துக்கு. அந்தப் பாதிக்கு மேல் நான் குடித்தது ஒரே ஒரு நாள். அது வேற கதை. இல்லை, அதே கதைதான். சொல்கிறேன்.

நீங்களே ஞாயம் சொல்லுங்க. பகல் வேலைக்காரன் சாயங்காலம் வருகிறான். கை கால் கழுவுகிறான், ஒரு கட்டிங் போடுகிறான், சாப்பிடுகிறான், படுக்கிறான். பாவம், அசதிக்குக் குடிக்கிறான் என்கிறார்கள். நமக்குச் சாயங்காலம் எப்போது? காலையில் சங்கு ஊதினால் அதுதான் நமக்கு அந்தி. அதே அசதி, அதே கட்டிங். ஆனால் காலங்காத்தாலே குடிக்கிறான் பார் என்பார்கள். சட்டம் போடுகிறவர்கள் எல்லாரும் ராத்திரி தூங்குகிறவர்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. இப்படி ஒரு ஜனம் இருக்கிறது என்றே அவர்களுக்குத் தெரியாது. நாம் நடமாடும்போது அவர்கள் கண் மூடியிருக்கிறது.

முன்னே இந்தக் கடை பத்து மணிக்குத் திறந்துகொண்டிருந்தது. மில் விட்டு, டீ குடித்து, பேப்பரை ஒரு புரட்டுப் புரட்டினால் ஷட்டர் மேலே போய்விடும். நானும் ராக்கியண்ணனும் முதல் ஆளாக நிற்போம். ராக்கியண்ணன் என்பது பேருங்க, எனக்கு அண்ணன் இல்லை. ஒரே வயசு. ராக்கி என்றுதான் கூப்பிடுவேன். மில்லில் பஞ்சு உடைக்கிற பக்கம் அவனுக்கு வேலை. வருஷக்கணக்காகப் பஞ்சு நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்து, தூங்கும்போது மூக்கில் ஒரு விசில் வரும். தூரத்தில் ரயில் கூவுகிற மாதிரி, மெலிசாக. என் கட்டிங்குக்கு அவன்தான் ஆள், அவன் கட்டிங்குக்கு நான்தான். அளவு பார்க்க வேண்டியதில்லை. நான் ஊற்றினால் அவன் பார்க்க மாட்டான், அவன் ஊற்றினால் நான் பார்க்க மாட்டேன். அப்படி ஒரு ஆள் கிடைப்பது கஷ்டம்.

அப்புறம் உத்தரவு வந்தது. இனிமேல் பன்னிரண்டு மணிக்குத்தான் கடை. குடி குறையட்டும் என்று போட்டது. நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை.

முதல் நாள் கடையில் விற்கிற நடராசு ஷட்டர் பக்கத்தில் நின்று பல் குச்சி மென்றுகொண்டிருந்தான்.

"ஏப்பா நடராசு, எங்களாட்ட நைட்டு ஷிப்டுக்காரனுக்கு என்னப்பா கதி?"

"அண்ணா, நான் என்னங்ண்ணா பண்ணட்டும்? வேணும்னா சூரியனை ராத்திரில வரச் சொல்லி ஒரு மனு எழுதிப் போடுங்க."

"நக்கலு?"

"நக்கலில்லைங்ண்ணா. போய்ப் படுத்து ஒரு தூக்கம் போட்டுட்டு பன்னண்டுக்கு வாங்க."

தூங்குவதற்காகத்தான் குடிப்பதே. தூங்கிவிட்டு வந்து குடி என்கிறான். இப்படித்தானுங்க பகல்காரன் புத்தி.

பின்னால் அந்தக் கொட்டகையில் மூடின நேரத்திலும் ஒருத்தன் கொடுப்பான். நான் போனதில்லை. சட்டத்துக்கு விரோதமாக ஒரு சொட்டு என் தொண்டையில் இறங்கினதில்லை. பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு. காத்திருந்தேன்.

உச்சிப் பொழுதில் புளியமரத்தடியில் நிற்காதே, கிணற்றை எட்டிப் பார்க்காதே என்று சொல்லித்தானே நம்மையெல்லாம் வளர்த்தார்கள்? நிழல் காலுக்கடியில் போய் ஒளிந்துகொள்கிற நேரம். அந்த நேரத்தைப் பார்த்துக் கடையைத் திறக்க வைத்தார்கள். பேய்க்கும் எங்களுக்கும் ஒரே மணிக்குக் கதவு திறக்கிறது.

தூங்கறீங்களா? இல்லை, கண் சொருகுகிற மாதிரி இருந்தது. தூங்கிவிடாதீங்க, பஸ் வரும். நான் பேசிக்கொண்டே இருக்கிறேன்.

அந்தக் காத்திருப்பு இருக்கிறதே, அதில்தான் ராக்கி மாறிப்போனான். இதே படியில், இதே சுவரில் சாய்ந்து உட்காருவோம். வெயில் ஏற ஏற அவனுக்குக் கண் செருகும். விசில் கிளம்பும். ஷட்டர் சத்தம் கேட்கும்போது நான் தோளைப் பிடித்து உலுக்குவேன். "டேய் ராக்கி, மணி ஆச்சு."

அவன் கண்ணைத் திறந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் என்னையே பார்ப்பான்.

"எதுக்குடா எழுப்புனே?"

"கடை தொறந்தாச்சுடா."

"நல்லாத் தூங்கிட்டிருந்தேன்டா, ஆறுச்சாமி."

"குடிச்சுப்போட்டுப் போய் நல்லாத் தூங்கு."

ஒரு வாரம் இப்படி. அப்புறம் ஒரு நாள் மில் விட்டதும் அவன் இந்தப் பக்கம் வரவில்லை. நேராக வீட்டுக்குப் போய்விட்டான். எனக்கு அன்றைக்குக் கட்டிங்குக்கு ஆளில்லை. லாரிக்காரன் ஒருத்தனிடம் கேட்டேன், அவன் முழுசாகவே வேண்டுமென்றான். குடிக்காமல் போய்ப் படுத்தேன். விட்டத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

அன்றைக்கு ஷிப்டில் ராக்கி என்னைத் தேடிக்கொண்டு வந்தான். தலையெல்லாம் பஞ்சு, முகமெல்லாம் சிரிப்பு.

"டேய், ஒண்ணுமே இல்லாமத் தூங்கிட்டேன்டா. காலையில படுத்தவன் சாயங்காலம்தான் எந்திரிச்சேன். வீட்டுல மயிலாத்தா பயந்துபோய் மூக்குல கை வெச்சுப் பாத்தாளாமா."

"சும்மா சொல்லாதடா."

"மெய்யாலுமே. கடை பத்துக்குத் தொறந்த வரைக்கும் அந்த ரெண்டு மணி நேரத்தைத் தாட்டியிருவேன். இப்ப நாலு மணி நேரம் முழிச்சிருக்க முடியலைடா. தூக்கம் முந்திக்குது."

அவன் நன்மைக்குத்தானுங்க சொல்கிறேன், எனக்குப் பக்கென்றது. இத்தனை வருஷம் பழகின உடம்பு. திடீரென்று நிறுத்தினால் தாங்குமா? எங்கள் பக்கம் அப்படி நிறுத்தினவன் கை நடுங்கி, கண்ட கண்டதைப் பார்த்து, கட்டிலில் கட்டிப்போட்ட கதையெல்லாம் உண்டு. கூட இருக்கிறவன் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாமா? மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்கே போனேன்.

மயிலாத்தாள் வாசலில் நின்றாள். ராக்கி சம்சாரம். கையில் முறத்தோடு நின்றவள் நகரவே இல்லை.

"இப்பத்தானுங்ண்ணா தூங்கறாரு."

"ஒரு வார்த்தை பேசிட்டுப் போயிடறேன் அம்மிணி."

"தூங்க விடுங்ண்ணா."

"மணி ஆச்சு அம்மிணி."

"எதுக்குங்ண்ணா மணி ஆச்சு?"

பொம்பளையிடம் எதிர்த்துப் பேசுகிற வழக்கம் எனக்கு இல்லை. ஜன்னல் பக்கம் போய்க் கூப்பிட்டேன். "டேய் ராக்கி." விசில் நின்றது. ஒரு தடவைதான் கூப்பிட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டான். அதுதானுங்க சிநேகிதம். என் குரலுக்கு அவன் எந்தத் தூக்கத்திலிருந்தும் எழுந்து வருவான். சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து என் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டே வந்தான். முதுகில் விசில் அடித்துக்கொண்டே வந்தது.

அப்புறம் தினமும் போய்க் கூட்டிவந்தேன். வெயிலில், எனக்கும் தூக்கமில்லாமல், அவ்வளவு தூரம் மிதித்து. யார் செய்வார்கள் இந்தக் காலத்தில்? மயிலாத்தாளுக்கு அது ஒருநாளும் புரியவில்லை. கதவைச் சாத்தி வைப்பாள். ஒரு நாள் அவன் சட்டையை நனைத்துப் போட்டுவிட்டாள். பனியனோடு வந்தான்.

ஏனுங்க, அசந்துட்டீங்களா? முக்கியமான இடம் வருகிறது, கேளுங்க.

பங்குனி வெயில். மறுநாள் மகாவீர் ஜெயந்தி, கடைக்கு விடுமுறை. விடுமுறைக்கு முதல் நாள் இங்கே எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா? அந்த வேலமரம் வரைக்கும் வரிசை. ராக்கிக்கு நடக்கவே முடியவில்லை. "நீ உக்காருடா, நான் வரிசையில நிக்கறேன்"னு சொல்லிச் சுவரோரம் உட்கார வைத்தேன். கொஞ்ச நேரத்தில் விசில் வந்தது. அவ்வளவு கூட்டத்திலும் எனக்குக் கேட்டது. மில்லில் நூல் நூற்கிற ஆயிரம் ஸ்பிண்டில் ஓடுகிற சத்தத்தில் ஒரு நூல் அறுவதைக் கேட்டுப் பழகின காது.

ஷட்டர் இன்னும் மேலே போகவில்லை. அதற்கு முன்னால் விசில் நின்றது.

முழித்துக்கொண்டான் என்று நினைத்தேனுங்க. பரவாயில்லையே, இன்றைக்கு நான் எழுப்பாமலே முழித்துக்கொண்டானே என்று நினைத்தேன்.

வாங்கிக்கொண்டு வந்தேன். அவன் கண் பாதி திறந்திருந்தது. ரெண்டு டம்ளரிலும் ஊற்றினேன், தண்ணீர் கலந்தேன். "எடுறா" என்றேன். நடராசை யாரோ கெட்ட வார்த்தையில் திட்டினதைச் சொல்லிச் சிரித்தேன். அவன் சிரிக்காமல் இருந்தது எனக்குக் கோபம். இவ்வளவு வெயிலில் நின்று வாங்கிவந்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறாயா என்று நினைத்தேன். என் பாதியைக் குடித்தேன். அவன் டம்ளரில் ஒரு ஈ விழுந்தது. அதை எடுத்துப் போட்டேன். "குடிக்கறயா இல்லையாடா?" டம்ளர் வைத்த இடத்திலேயே இருந்தது. வீணாகப் போகக் கூடாது என்று அதையும் நானே குடித்தேன்.

அதுதான் நான் முழுக் குவார்ட்டர் குடித்த ஒரே நாள்.

அப்புறம்தான் தோளைத் தொட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார், பன்னிரண்டுக்கு முன்னாலேயே உயிர் போயிருக்கும், நெஞ்சு நின்றிருக்கிறது என்று. பன்னிரண்டுக்கு முன்னால், கவனித்தீங்களா? கடை பத்துக்குத் திறந்திருந்தால் அவன் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கட்டிலில் படுத்திருப்பான். வெயிலில் உட்கார்ந்திருக்க மாட்டான். ரெண்டு மணி நேரம். ஒரு மனுஷனை அந்த ரெண்டு மணி நேரம் கொன்றுவிட்டது. இதை நான் யாரிடம் சொன்னாலும் எழுந்து போகிறார்கள்.

அவன் வீட்டில் நடுக்கூடத்தில் போட்டிருந்தார்கள். நான் உள்ளே போனேன். மயிலாத்தாள் அழவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள், "எழுப்பிப் பாருங்ண்ணா. நீங்க எழுப்புனா எந்திரிப்பாரே."

எவ்வளவு நம்பிக்கை பாருங்க என் மேல். அத்தனை பேர் இருக்கிற இடத்தில் அவள் என்னைத்தான் கேட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கூப்பிட்டேன். "டேய் ராக்கி, மணி ஆச்சு." என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. ரெண்டாவது தரம் கூப்பிடப் போனபோது அவன் மச்சினன் என்னை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி வெளியே கொண்டுவந்து விட்டான். ஏன் அப்படிச் செய்தான் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் சொல்லுங்க, ஏன் அப்படிச் செய்தான்?

ஏனுங்க.

தூங்கியே போய்விட்டாரு.

சரி, தூங்கட்டும். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. ராத்திரி பூராவும் குடோனைச் சுற்றின கால், எப்படித் துவண்டு கிடக்கிறது பாரேன்.

முழித்திருக்கிறவரிடம் இதைச் சொல்ல முடியாது, இப்போது சொல்கிறேன். ராக்கி போன பிறகு கட்டிங்குக்கு ஆள் கிடைக்காத ஒரு நாள் நானே ஒரு குவார்ட்டர் வாங்கி, பாதியைக் குடித்துவிட்டு மீதியை இந்தச் சுவரோரம் வைத்தேன். மறுநாள் குடித்துக்கொள்ளலாம் என்றுதான். மூடியைப் போடவில்லை. கொஞ்ச நேரத்தில் விசில் வந்தது. மெலிசாக, அதே ரயில். பாட்டில் வாயில் காற்று அடித்தால் அப்படித்தான் வரும் என்று நடராசு சொன்னான். காற்றே இல்லாத நாளிலும் வந்ததுங்க. மூடியைப் போட்டு வைத்தேன், வந்தது. வீட்டுக்கு எடுத்துப் போனேன், வீட்டிலும் வந்தது. பாப்பாத்திக்குக் கேட்கவில்லையாம். அவள் பாட்டிலைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு அடுத்த வாரம்தான் கம்பெனிக்குப் பக்கம் என்று தம்பி வீட்டுக்குப் போனாள்.

மீதியை நானே குடித்துவிடலாம். ஆனால் அது அவன் பங்கு. ஒரு தடவை அவன் பங்கைக் குடித்தாயிற்று, இன்னொரு தடவை குடிக்க மாட்டேன். கொட்டவும் கை வரவில்லை. வேறு ஒரு ஆள், உயிரோடு இருக்கிற ஒரு ஆள், என் எதிரில் உட்கார்ந்து அந்தப் பாதியைக் காலி செய்துவிட்டால் விசில் வருவதில்லை. அன்றைக்கு நான் தூங்குகிறேன். தூங்காமல் போன நாளில் மில்லில் ஓடுகிற மெஷினுக்குள் கையை விட்டுவிடுவேன் போல இருக்கிறது. போன வாரம் இந்த விரல் நகம் போனது. இன்றைக்கும் ஆள் கிடைக்காவிட்டால் ராத்திரி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. இந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் இப்போது என்னோடு உட்காருவதில்லை. வெளியூர்க்காரராகத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆரன். வருகிறது.

எழுப்பட்டுமா? கையைக்கூடக் கொண்டுபோனேன். தோள் வரைக்கும் கொண்டுபோனேன். அப்போதுதான் மயிலாத்தாள் சொன்னது காதில் விழுந்தது. தூங்க விடுங்ண்ணா. அன்றைக்குப் புரியாதது இன்றைக்குப் புரிகிறது. அசந்து தூங்குகிற ஒரு மனுஷனைத் தட்டி எழுப்புவது எவ்வளவு பெரிய பாவம். ஒரு பஸ்ஸுக்காக.

நிற்கிறான். ஒரு அம்மாள் கூடையோடு இறங்குகிறாள். கண்டக்டர் இந்தப் பக்கம் பார்க்கிறான். இல்லப்பா, யாரும் இல்லை, போ, போ.

போயிட்டான். தூசியைப் பாரு.

பாப்பா நிற்கும். நிற்கட்டும், டீச்சர் உள்ளே உட்கார வைப்பார்கள். பள்ளிக்கூடத்தில் நிழல் இல்லாமலா போகும்.

பூட்டு எடுக்கிற சத்தம். நடராசு வந்துட்டான். நிழலும் காலுக்கடியில் வந்துவிட்டது. இனி எழுப்பலாம்.

ஏனுங்க. எந்திரிங்க. மணி ஆச்சு.

பஸ்ஸா? அது அப்போதே போச்சுங்களே. நல்லாத் தூங்கினீங்க, எழுப்ப மனசு வரவில்லை. பதறாதீங்க, ரெண்டு மணிக்கு மேலே இன்னொண்ணு இருக்கிறது. அது வரைக்கும் இந்த வெயிலில் என்ன செய்வீங்க? பாதிதானுங்க. பாதி குடித்தால் விட்டது விட்டதுதான், அது கணக்கில் வராது.

வாங்க, வரிசையில் இன்றைக்கு நாம்தான் முதல் ஆள். மெதுவா. இந்தப் பக்கம் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்திருங்க. அந்தப் பக்கம் சுவரோரம் கையை ஊன்றாதீங்க. அங்கே ஆள் இருக்கிறது.